ஆங்சைட்டிக்கு மருத்துவக் கஞ்சா கார்டு கிடைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே சந்தேகத்தைக் கேட்கின்றன. ஆங்சைட்டி, அதாவது மனப்பதற்றக் கோளாறு இருந்தால் மாநில அரசின் மருத்துவக் கஞ்சாத் திட்டத்தில் சேர முடியுமா, சேரலாமா என்பதுதான் அது. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. அதனால் பென்சில்வேனியாவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் மற்ற மாநிலங்களையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம். கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை.

கேள்வி: எனக்கு நாலு வருடமாக ஆங்சைட்டி. குடும்ப டாக்டர் ‘ஜெனரலைஸ்டு ஆங்சைட்டி டிஸார்டர்’ என்று எழுதியிருக்கிறார். கூட வேலை செய்பவர், “இந்த ஸ்டேட்ல இதுக்குக் கார்டு கொடுக்கிறாங்க, வாங்கிடுங்க” என்கிறார். உண்மையா?
– பிட்ஸ்பர்க், பென்சில்வேனியா

உண்மைதான். பென்சில்வேனியாவில் மருத்துவக் கஞ்சாத் திட்டம் 2016-ஆம் ஆண்டின் 16-ஆம் எண் சட்டத்தால் வந்தது. முதலில் இருந்த நோய்ப் பட்டியலில் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு இருந்தது, பதற்றக் கோளாறு இல்லை. 2019 ஜூலை 20 முதல் பதற்றக் கோளாறுகளும், தன்னையறியாமல் உடல் வெட்டுவதும் ஒலி எழுவதுமான டூரெட் நோயும் அதில் சேர்ந்தன. அன்றைய மாநிலச் சுகாதாரச் செயலர் டாக்டர் ரேச்சல் லெவின் அதை அறிவித்தபோது சில எச்சரிக்கைகளையும் சேர்த்தே சொன்னார். வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக இதை எடுக்கக் கூடாது, அதோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி குறைவாகவும் போதை தராத சிபிடி அதிகமாகவும் உள்ள சரக்கே பொருத்தம், அதுவும் குறுகிய காலத்துக்கு. சிறுவர்களுக்கும் பதின்பருவத்தினருக்கும் பதற்றத்துக்காக இதைக் கொடுக்க வேண்டாம். கார்டு வாங்கித் தருவதாக விளம்பரம் செய்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதுகிறோம்.

பட்டியலில் இருப்பது பதற்றக் ‘கோளாறு’. வேலை போய்விடுமோ என்று இரண்டு வாரம் தூங்காமல் தவிப்பது அதில் வராது. பொதுப் பதற்றக் கோளாறு என்று டாக்டர் எழுத வேண்டுமானால் கட்டுக்கடங்காத கவலை குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான நாட்களில் இருந்திருக்க வேண்டும். அதோடு தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல், சோர்வு, மனம் ஒன்றாமை, நிலைகொள்ளாமை இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். பேனிக் டிஸார்டர், சமூகப் பதற்றம், ஃபோபியா ஆகியவையும் பதற்றக் கோளாறுகளே. ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயும் பிடிஎஸ்டியும், மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 2013-இல் வந்தபோது தனி அத்தியாயங்களுக்குப் போய்விட்டன. பிடிஎஸ்டி பென்சில்வேனியா பட்டியலில் தனியாகவே இருக்கிறது. ஓசிடி இல்லை.

டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் 2018 மார்ச்சிலேயே பதற்றத்தைச் சேர்த்துவிட்டார்கள். மேற்கே ஓஹயோவிலோ மாநில மருத்துவ வாரியம் 2019-இல் ஒருமுறையும் 2020-இல் ஒருமுறையும் பதற்றத்துக்கான மனுவை நிராகரித்தது. அடுத்தடுத்த மாநிலங்கள் ஒரே ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் நேரெதிரான முடிவுக்கு வந்திருக்கின்றன. ஆகவே ‘பட்டியலில் இருக்கிறது’ என்றால் ‘இந்த நோய்க்கு மருந்து என்று நிரூபணமாகிவிட்டது’ என்று பொருள் கொள்ள வேண்டாம். டாக்டர் விரும்பினால் சான்று தரச் சட்டம் தடையாக இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: கார்டு வாங்குவதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு செலவாகும்? இன்சூரன்ஸ் கொடுக்குமா?
– எக்ஸ்டன், பென்சில்வேனியா

முதல் படி டாக்டர் இல்லை, பதிவேடு. மாநிலச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் நோயாளிகள் பதிவேட்டில் கணக்குத் தொடங்க வேண்டும். அதற்குப் பென்சில்வேனியா டிரைவிங் லைசென்ஸ் அல்லது மாநிலப் போக்குவரத்துத் துறையான பென்டாட் தரும் அடையாள அட்டை வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இந்த இடத்திலேயே தடங்கல் வருகிறது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக, முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருந்தால், லைசென்ஸில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்ற மூன்றெழுத்து அச்சாகியிருக்கும். அப்பா பெயரின் இனிஷியல் சில இடத்தில் விரிந்தும் சில இடத்தில் சுருங்கியும் இருக்கும். பதிவேட்டில் நீங்கள் எழுதும் பெயர் ஆதார் அட்டையைப் போலவோ ஆஃபீஸ் பேட்ஜைப் போலவோ இருக்கக் கூடாது. லைசென்ஸில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து, எஃப்என்யூ உட்பட, அப்படியே இருக்க வேண்டும். முகவரியும் அப்படியே. வீடு மாறியிருந்தால் பென்டாட்டில் முகவரியை மாற்றிவிட்டு அப்புறம் பதிவேட்டுக்கு வாருங்கள். கார்டு அந்த முகவரிக்குத்தான் தபாலில் வரும்.

பதிவு முடிந்ததும் ஓர் எண் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு, திட்டத்தில் பதிவு செய்துள்ள டாக்டரைப் பார்க்க வேண்டும். எல்லா டாக்டருக்கும் சான்று தரும் அதிகாரம் கிடையாது. நான்கு மணி நேரப் பயிற்சி முடித்துத் துறையின் பட்டியலில் இருப்பவருக்கே உண்டு. 2021 முதல் வீடியோ வழியாகவும் பார்க்கலாம். உங்கள் குடும்ப டாக்டர் எழுதிய நோய்க்குறிப்பு, இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, எத்தனை மாதம் சாப்பிட்டீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்ற விவரம் இவை கையில் இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் கேள்வியே கேட்காமல் சான்று கொடுப்பவரை விட, இவற்றைக் கேட்டு வாங்கிப் படிக்கும் டாக்டர் உங்களுக்கு நல்லது.

டாக்டர் சான்றைப் பதிவேட்டில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துச் சிலர் வாரக்கணக்கில் தபாலுக்குக் காத்திருக்கிறார்கள். நீங்கள் மறுபடியும் கணக்குக்குள் போய்க் கார்டுக் கட்டணம் கட்டினால்தான் அச்சுக்கே போகும். கட்டணம் ஆண்டுக்கு 50 டாலர். மெடிகெய்ட், ஸ்னாப் போன்ற உதவித் திட்டங்களில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. டாக்டர் கட்டணம் தனி, பெரும்பாலும் நூறிலிருந்து இருநூறு டாலருக்குள். ஒவ்வொரு ஆண்டும் இரண்டையும் திரும்பச் செலவிட வேண்டும். இன்சூரன்ஸ் எதற்கும் பணம் தராது. மருத்துவச் செலவுக்கு வரிச்சலுகையோடு சேமிக்கும் எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கணக்கிலிருந்தும் கட்டக் கூடாது, வருமான வரித் துறை இதை மருத்துவச் செலவாக ஏற்பதில்லை.

டிஸ்பென்சரிக்கு, அதாவது மருத்துவக் கஞ்சா விற்கும் கடைக்குப் போகும்போது கார்டும் டெபிட் கார்டோ ரொக்கமோ கொண்டு போங்கள். கிரெடிட் கார்டு எடுக்க மாட்டார்கள். மாத்திரை, நாக்கடியில் விடும் சொட்டு மருந்து, எண்ணெய், தடவும் களிம்பு, ஆவியாக்கி இழுக்கும் ‘வேப்’ கருவியில் வைக்கும் கார்ட்ரிட்ஜ், உலர்ந்த பூ ஆகியவை கிடைக்கும். உலர்ந்த பூவை விற்றாலும் அதை ஆவியாக்கி இழுக்கத்தான் அனுமதி, சுருட்டிப் பற்றவைத்துப் புகைப்பது சட்டப்படி குற்றம். வீட்டில் செடி வளர்ப்பதும் குற்றம். வாங்கியதை லேபிளோடு அதே டப்பாவில்தான் வைத்திருக்க வேண்டும். கணவன் பெயரில் வாங்கியதை மனைவி எடுத்துக்கொள்வதும் கூடாது.

கேள்வி: எங்கள் மாநிலப் பட்டியலில் ஆங்சைட்டி இல்லை. ஆன்லைனில் பேசிய ஒரு ஏஜென்சிக்காரர், “பிடிஎஸ்டி என்று போட்டுக் கொடுத்துவிடுகிறோம்” என்கிறார். செய்யலாமா?
– டாம்பா, ஃபுளோரிடா. இதே கேள்வி டல்லாஸிலிருந்தும் வந்தது.

வேண்டாம். ஃபுளோரிடாவில் அதற்குத் தேவையும் இல்லை. அங்கே பட்டியலில் பதற்றம் இல்லையென்றாலும், பட்டியலில் உள்ள நோய்களோடு ‘ஒரே வகையைச் சேர்ந்த’ நோய் என்று கருதினால் டாக்டர் தன் காரணத்தை எழுதிப் பதிவு செய்து சான்று கொடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. பதற்றத்துக்குக் கார்டு வாங்கியவர்கள் பலர் இந்த வழியில் வாங்கியவர்கள்தான். உள்ளதை உள்ளபடி சொல்லி, டாக்டர் ஒப்புக்கொண்டால் வாங்குங்கள்.

டெக்சாஸ் கதை வேறு. அங்கே கார்டே கிடையாது. திட்டத்தில் பதிவு செய்த டாக்டர் மாநிலப் பதிவேட்டில் மருந்துச் சீட்டை ஏற்றுவார், நீங்கள் அடையாளம் காட்டி வாங்குவீர்கள். 2021-இல் பிடிஎஸ்டி சேர்ந்தது. 2025 செப்டம்பர் முதல் நாள்பட்ட வலி போன்றவையும் சேர்ந்தன. பதற்றம் சேரவில்லை. நியூயார்க், வர்ஜீனியா, ஓக்லஹோமா போன்ற இடங்களில் பட்டியலே கிடையாது, டாக்டரின் முடிவுதான். கலிஃபோர்னியாவில் 1996-இலிருந்தே அப்படித்தான்.

இல்லாத பிடிஎஸ்டியை எழுதிக்கொண்டால் அது உங்கள் மருத்துவ ஆவணத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். அந்த நோய்க்கு உயிராபத்து, வன்முறை, பாலியல் கொடுமை போன்ற ஒரு நிகழ்வு மூலமாக இருந்தாக வேண்டும். நாளைக்கு ஆயுள் காப்பீடு எடுக்கும்போதோ வேறொரு டாக்டர் கேட்கும்போதோ அந்த நிகழ்வு எது என்ற கேள்வி வரும். அதைவிட முக்கியம், பதற்றத்துக்கும் பிடிஎஸ்டிக்கும் தரும் மனச்சிகிச்சை வேறு வேறு. தவறான பெயரை வைத்துக்கொண்டு போனால் தவறான சிகிச்சைதான் கிடைக்கும்.

கேள்வி: சட்டம் இருக்கட்டும். பதற்றத்தை இது உண்மையில் குறைக்குமா? எவ்வளவு எடுத்தால் குறையும்?
– எடிசன், நியூஜெர்சி

இதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

கஞ்சாவில் நமக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு. போதை தருவது டிஎச்சி, போதை தராதது சிபிடி. டிஎச்சிக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சமாக எடுத்தால் பதற்றத்தைத் தணிக்கும், சற்றுக் கூடினால் பதற்றத்தைக் கிளப்பும். சிகாகோவில் 42 ஆரோக்கியமான பெரியவர்களை வைத்து நடந்து, 2017-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பதறவைத்தார்கள். 7.5 மில்லிகிராம் டிஎச்சி சாப்பிட்டவர்களுக்குப் பதற்றம் சீக்கிரம் வடிந்தது. 12.5 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே மனநிலை மோசமானது. நடுவில் இருப்பது 5 மில்லிகிராம் மட்டுமே.

இப்போது கடையில் இருப்பதைப் பாருங்கள். உலர்ந்த பூவில் 20 சதவீதம் டிஎச்சி என்று லேபிள் சொன்னால், ஒரு கிராமில் 200 மில்லிகிராம். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் 0.1 கிராமில் 20 மில்லிகிராம். அத்தனையும் உடம்புக்குள் போகாது என்றாலும், 7.5-க்கும் 12.5-க்கும் நடுவில் கையை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். 80 சதவீத கார்ட்ரிட்ஜில் அரை கிராம் எண்ணெய் இருந்தால் அதில் 400 மில்லிகிராம். பதற்றக்காரர் இதை இரண்டு மூன்று இழுப்பு இழுத்துவிட்டு, நெஞ்சு படபடத்து, ஹார்ட் அட்டாக் என்று எமர்ஜென்சிக்கு ஓடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

சிபிடியின் சிக்கல் இதற்கு நேர்மாறு. பிரேசிலில் 2011-இல் வந்த ஆய்வில், சமூகப் பதற்றம் உள்ளவர்கள் மேடையில் பேசுவதற்கு முன் 600 மில்லிகிராம் சிபிடி கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. 2019-இல் அங்கேயே 150, 300, 600 என்று மூன்று அளவை ஒப்பிட்டுப் பார்த்ததில் 300 மட்டும் வேலை செய்தது. இப்போது ஒரு சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் எடுங்கள். 30 மில்லி. லேபிளில் சிபிடி 300 மில்லிகிராம், டிஎச்சி 15 மில்லிகிராம், விகிதம் 20-க்கு 1 என்று இருக்கிறது. டிராப்பர் நிறைய எடுத்தால் 1 மில்லி, அதில் சிபிடி 10 மில்லிகிராம், டிஎச்சி அரை மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த ஒரு வேளை அளவு வேண்டுமானால் முழுப் புட்டியையும் ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். கூடவே 15 மில்லிகிராம் டிஎச்சியும் உள்ளே போகும். ஒரு டிராப்பர் சிபிடியில் ‘மனசு லேசானது’ என்று சொல்பவர்களை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த அளவுக்கு ஆதாரம் என்று காட்டப்படும் ஆய்வுகள் முப்பது மடங்கு அதிகமாகக் கொடுத்துச் செய்தவை.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2017 அறிக்கை பெரியவர்களின் நாள்பட்ட வலிக்குக் கணிசமான ஆதாரம் உண்டு என்றது. பதற்றத்துக்கு மேடைப் பேச்சுச் சோதனையில் சிபிடிக்குக் குறைந்த அளவு ஆதாரம் மட்டுமே என்றது. தொடர்ந்து கஞ்சா பயன்படுத்துபவர்களிடம் சமூகப் பதற்றக் கோளாறு அதிகம் வருவதற்கு மிதமான ஆதாரம் இருப்பதாகவும் அதே அறிக்கை சொல்கிறது.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு பாஸ்டனில் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் செய்து 2022-இல் வெளியிட்டது. அவர்கள் சோதித்தது கார்டையே. வலி, தூக்கமின்மை, பதற்றம் அல்லது மனச்சோர்வு உள்ள 186 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை உடனே கார்டு வாங்கச் சொன்னார்கள், மற்றவர்களைப் பன்னிரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். உடனே வாங்கியவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. கஞ்சாப் பழக்கக் கோளாறு அவர்களிடம் அதிகம் வந்தது, அதிலும் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்று வந்தவர்களிடம்தான் மிக அதிகம். கார்டு வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவென்று நினைக்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு உங்கள் டாக்டரும் நீங்களும் முயன்று பார்ப்பதென்று முடிவு செய்தால் இப்படிச் செய்யுங்கள். சிபிடி அதிகமுள்ள சொட்டு மருந்திலோ மாத்திரையிலோ தொடங்குங்கள், வேப் வேண்டாம். டிஎச்சி ஒரு வேளைக்கு 1 முதல் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், இரவில், மறுநாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து எடுங்கள். விழுங்கிய மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும், ஆறேழு மணி நேரம் நிற்கும். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று இரண்டாவதை விழுங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டும் சேர்ந்து தாக்கும்போது நள்ளிரவு ஆகியிருக்கும். அளவை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைக்கு மேல் கூட்டாதீர்கள். தேதி, மில்லிகிராம், எடுத்த நேரம், பதற்றம் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறியுங்கள். நாலு வாரத்தில் அந்த எண் இறங்கவில்லையென்றால் நிறுத்திவிடலாம்.

கேள்வி: எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம் தினமும், குளோனாஸிபாம் தேவைப்பட்டால் என்று எடுக்கிறேன். கார்டு வந்ததும் இவற்றை நிறுத்திவிடலாமா?
– ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

நிறுத்தாதீர்கள். இரண்டுமே திடீரென்று விடக் கூடாத மருந்துகள். குளோனாஸிபாமைச் சட்டென்று விட்டால் வலிப்புகூட வரலாம்.

சேர்த்து எடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. சிபிடி, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளைத் தடுக்கிறது. அதனால் எஸ்சிட்டலோபிராமின் அளவு ரத்தத்தில் ஏறலாம். நீங்கள் 10 விழுங்கினாலும் உடம்பு அதைவிட அதிகமாக எடுத்ததுபோல் நடந்துகொள்ளும். குமட்டல், நடுக்கம், அதிகத் தூக்கம் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். குளோனாஸிபாமும் டிஎச்சியும் சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும், இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து அடிபடுவது இப்படித்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுக்கும் அப்பா அம்மா வீட்டில் இருந்தால் அவர்கள் சிபிடியைத் தொடும் முன், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் சோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். குடும்பத்தில் ஸ்கிட்ஸோஃப்ரீனியாவோ பைபோலாரோ இருந்தால் டிஎச்சி வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அதே பதில். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள், மருந்தின் அளவை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் எச்-1பி-யில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்கு வரிசையில் காத்திருக்கிறேன். மாநிலச் சட்டம் அனுமதிக்கும்போது எனக்கு என்ன பயம்?
– ஃபிலடெல்ஃபியா புறநகர்

குடியுரிமை இல்லாதவர் யாராக இருந்தாலும், எச்-1பி, எஃப்-1, எச்-4, கிரீன் கார்டு எல்லோருக்கும் சொல்கிறோம்: குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் பதிவேட்டில் பெயரைக்கூடப் பதியாதீர்கள்.

மாநிலம் அனுமதித்தாலும் விசாவும் கிரீன் கார்டும் தருவது கூட்டாட்சி அரசு. அதன் 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா கட்டுப்படுத்தப்பட்ட பொருள். அதை மிகக் கடுமையான முதல் அட்டவணையிலிருந்து, கட்டுப்பாடு குறைவான மூன்றாவதுக்கு மாற்ற 2024 மே மாதம் நீதித்துறை முன்மொழிந்ததைப் பார்த்துப் பலர் ‘இனிப் பிரச்சினை இல்லை’ என்று எழுதுகிறார்கள். மூன்றாம் அட்டவணையும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களின் அட்டவணைதான். குடியேற்றச் சட்டம் எந்த அட்டவணை என்று பார்ப்பதில்லை.

தண்டனை பெற்றிருந்தால்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். போதைப்பொருள் சட்டத்தை மீறிய செயலைச் செய்தேன் என்று அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையும் தகுதி போகலாம். விசா ஸ்டாம்பிங்குக்கான டிஎஸ்-160 படிவத்தில் போதைப்பொருள் சட்டம் எதையாவது மீறியதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஆமாம் என்றால் ஒரு சிக்கல். இல்லையென்று பொய் சொன்னால் அதைவிடப் பெரிய சிக்கல், தவறான தகவல் தந்ததற்கு வாழ்நாள் தடை வரை போகலாம். விமான நிலையத்தில் எல்லை அதிகாரி உங்கள் ஃபோனைத் திறந்து பார்க்க முடியும். கார்டின் படமும் டிஸ்பென்சரியின் குறுஞ்செய்தியும் அதில் இருந்தால் கேள்வி தொடங்கிவிடும். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் கஞ்சாப் பழக்கக் கோளாறு என்று டாக்டர் எழுதினால், அது ஓராண்டு இல்லாமல் இருந்ததென்று காட்டும் வரை விண்ணப்பம் நிற்கும்.

கிரீன் கார்டு வந்த பிறகும் இது முடிவதில்லை. மாநிலச் சட்டப்படி சரியாக இருந்தாலும், கஞ்சா தொடர்பான செயல்கள் குடியுரிமைக்குத் தேவையான ‘நன்னடத்தை’யைக் கெடுக்கும் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் அதில் அடங்கும். பொதுவாகக் குடியுரிமை மனுவுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைப் பார்ப்பார்கள்.

டிஎச்சி மிகக் குறைவான கஞ்சா வகையான ஹெம்ப் செடியிலிருந்து எடுத்த சிபிடி வேறு கணக்கு. 2018 விவசாயச் சட்டம் 0.3 சதவீதத்துக்கு மிகாத டிஎச்சி உள்ளதைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 நவம்பரில் நிறைவேறிய சட்டம் அந்த வரையறையை இறுக்கியிருக்கிறது. கடையில் ‘ஹெம்ப்’ என்று எழுதியிருந்தால் போதும் என்று வாங்காதீர்கள்.

உங்கள் நிலையில் மனநல டாக்டர், சிபிடி என்றே சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை, எஸ்சிட்டலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை, இவையே சரி. பெயர்ச் சுருக்கம் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்ள வேண்டாம், இந்தச் சிபிடி பேச்சு வழிச் சிகிச்சை. பதற்றத்துக்கு மிக வலுவான ஆதாரம் இருப்பது இதற்குத்தான், இன்சூரன்ஸும் பெரும்பாலும் பணம் தரும்.

கேள்வி: நான் சிட்டிசன். இரவில் மட்டும் எடுக்கிறேன். காலையில் கார் ஓட்டலாமா? ஆஃபீஸில் டெஸ்ட் வைத்தால்?
– ஆலன்டவுன், பென்சில்வேனியா

பென்சில்வேனியாவில் இது மோசமான சிக்கல். அந்த மாநில வாகனச் சட்டம், கஞ்சா அடங்கிய முதல் அட்டவணைப் பொருள் எந்த அளவிலாவது, அல்லது அதன் சிதைவுப் பொருளாவது ரத்தத்தில் இருந்தாலே போதையில் ஓட்டியதாகக் கருதுகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 1 நானோகிராம் போதும். கார்டு இருப்பது விலக்கு ஆகாது. டிஎச்சி கொழுப்பில் தங்கும் பொருள், தினமும் எடுப்பவருக்கு நிறுத்திப் பல நாள் ஆன பின்னும் சிதைவுப் பொருள் ரத்தத்தில் இருக்கும். தலை தெளிவாக இருந்தும் வழக்கு விழலாம். முதல் முறையே குறைந்தது 72 மணி நேரச் சிறையும் ஓராண்டு லைசென்ஸ் இடைநிறுத்தமும் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தினமும் கார் ஓட்டியாக வேண்டியவர் இதை எண்ணிப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, கார்டு வைத்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக வேலையைவிட்டு அனுப்பக் கூடாது என்று 16-ஆம் எண் சட்டம் சொல்கிறது. வேலை நேரத்தில் போதையில் இருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. கூட்டாட்சி அரசு வேலை, அதன் ஒப்பந்த வேலை, டிரக் ஓட்டும் சிடிஎல் லைசென்ஸ் ஆகியவற்றில் கார்டைக் காட்டினாலும் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான்.

கேள்வி: 16 வயது மகனுக்குப் பரீட்சைப் பதற்றம். பெற்றோர் பெயரில் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார்களே?
– யார்க், பென்சில்வேனியா

18 வயதுக்குக் கீழே பெற்றோர் பராமரிப்பாளராகப் பதிந்து வாங்கச் சட்டத்தில் வழி உண்டு. பதற்றத்துக்காக அந்த வழியில் போகாதீர்கள். மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்கிறது. பட்டியலில் பதற்றத்தைச் சேர்த்த அதே அதிகாரிதான் பதின்பருவத்தினருக்கு வேண்டாம் என்றார். பரீட்சைப் பதற்றத்துக்குப் பள்ளிக் கவுன்சிலரும் பத்துப் பன்னிரண்டு அமர்வுச் சிகிச்சையும் நல்ல பலன் தருகின்றன.

கேள்வி: ஊருக்குப் போகும்போது ஒரு புட்டி எண்ணெயை லக்கேஜில் வைத்துக்கொள்ளலாமா? டாக்டர் சான்று இருக்கிறது.
– ஜெர்சி சிட்டி

கூடாது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் என்டிபிஎஸ் எனும் போதைப்பொருள் சட்டப்படி, அமெரிக்க மாநிலக் கார்டைக் காட்டி டிஎச்சி எண்ணெயைக் கொண்டுவருவதும் கடத்தல்தான். துபாய், அபுதாபி வழியாக மாறிப் போகும்போது பிடிபட்டால் அங்கேயே காவலில் தங்க நேரிடலாம். அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டில் எடுத்திருந்தாலும், ஊர் திரும்பியபின் சோதனையில் தெரிந்தால் சிங்கப்பூரில் எடுத்ததாகவே அந்நாட்டுச் சட்டம் நடத்தும்.

கேள்வி: எட்டு மாதம் தினமும் எடுத்தேன். நிறுத்தி நாலு நாள் ஆகிறது. பதற்றம் முன்பைவிட அதிகம், தூக்கமே இல்லை. எனக்கு இது தேவை என்பதற்கு இதுவே சாட்சி இல்லையா?
– ஸ்க்ரான்டன், பென்சில்வேனியா

இல்லை. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் விலகல் அறிகுறி. தினமும் எடுத்தவர் நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, விசித்திரக் கனவு, பசியின்மை, வியர்வை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தொந்தரவு தரலாம். அறிகுறிகள் பழைய நோயைப் போலவே இருப்பதால் நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி எடுக்கிறார்கள், எடுத்ததும் அரை மணியில் அடங்குகிறது, ‘பார்த்தாயா, இது இல்லாமல் முடியாது’ என்று தோன்றுகிறது.

நீங்கள் நாலாம் நாளில் இருக்கிறீர்கள், அதாவது மிகக் கஷ்டமான நாட்களின் நடுவில். தாங்க முடிந்தால் தொடருங்கள். தாங்கவில்லையென்றால் எட்டு மாதமாக எடுத்த அளவில் பாதியை இரவில் மட்டும் எடுத்து, வாரம் ஒன்றுக்குக் கால் பங்கு வீதம் குறைத்து வாருங்கள், டாக்டருக்குத் தெரிவித்துவிட்டு. காபியை மதியத்துக்கு முன்னோடு நிறுத்துங்கள். சாயங்காலம் அரை மணி நேரம் வேர்க்க வேர்க்க நடங்கள். தூங்க முடியவில்லை என்று குளோனாஸிபாமையோ மதுவையோ அந்த இடத்தில் வைக்காதீர்கள். மூன்று வாரம் கழித்தும் இதே அளவு பதற்றம் இருந்தால் அதுதான் உங்கள் உண்மையான நோயின் அளவு. அதை எடுத்துக்கொண்டு மனநல டாக்டரிடம் போங்கள். இடையில் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் 988-ஐ அழையுங்கள், நாட்டின் எந்த மூலையிலிருந்தும், எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.